'மாப்' என்னும் ஆங்கிலச் சொல்: கொச்சை வழக்கும் செவ்வழக்கும்

ஒரு சொல்லின் வரலாறு அதனை வழங்கிய மக்களின் வரலாறும் ஆகும். கொச்சையென இகழப்பட்ட சொல் செவ்வழக்கில் இடம்பெறுங்கால், அதன்கண் அமைந்த இகழ்ச்சியும் உடன் நீங்குமோ என்னும் வினா மொழிநூலார்க்கேயன்றி வரலாற்றாசிரியர்க்கும் உரியது. 'மாப்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

கட்டுக்கடங்காத மக்கட்கூட்டம் என்பதே இச்சொற்கு அகராதிகள் கூறும் முதற்பொருள். 'மொபிலே வுல்குஸ்' என்னும் இலத்தீன் தொடர் இதன் மூலமாகும். 'நிலையின்றி அலையும் பொதுமக்கள்' என்பது அத்தொடரின் பொருள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இதன் முதற்சொல்லை மட்டும் எடுத்து வழங்கினர். பின்னர் அதுவும் 'மாப்' என ஓரசையாய்க் குறுகிற்று. தஞ்சாவூர் தஞ்சை என நின்றாற்போல இதுவும் ஒரு மரூஉவே. ஆயின், 'மக்கள்' எனப் பொருள்படும் சொல் மறைந்து, 'அலையும்' எனப் பொருள்படும் அடையே எஞ்சிற்று என்பது கருதத்தக்கது.

இச்சொல் பிறந்த களத்தை ராஜர் நார்த் என்பார் குறித்துள்ளார். இரண்டாம் சார்லசு மன்னனின் தம்பி ஜேம்சு கத்தோலிக்கர் ஆதலின், அவர் அரசுரிமை பெறலாகாது என 1679 முதல் 1681 வரை பெரும் பூசல் நிகழ்ந்தது. அக்காலத்து இலண்டனில் எதிர்க்கட்சியினர் கூடிய பச்சை நாடாக் கழகத்தில் இப்பெயர் தோன்றியது என, 1740-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறுகின்றார். நார்த் அரசன் சார்பினர். ஆதலின் அவர் கூற்றை அளந்தே கொள்ளல் வேண்டும்.

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைக் குழூஉக்குறி என்பர் நம் இலக்கணநூலார். ஒரு குழுவினர் ஒரு பொருளின் உண்மைப் பெயரை மறைத்துத் தமக்குள் வழங்குவது அது. நார்த் கூறுமாறு கொள்ளின் 'மாப்' என்பதும் ஒரு குழுவிற் பிறந்ததே. எனினும், அக்குழுவினர் தம்மின் வேறாய மக்களுக்கு இட்ட பெயர் இஃது என்னும் வேறுபாடு உளது. பெயரிட்டோர் ஒரு சாரார். பெயர் பெற்றோர் பிறிதொரு சாரார்.

ஜொனாதன் ஸ்விப்டு 1710-இல் 'டாட்லர்' இதழில் எழுதிய கட்டுரையில், இத்தகைய குறுக்கச் சொற்களால் ஆங்கிலம் கெடுகின்றது என வருந்தினார். அவர் கடிந்தவற்றுள் 'பாசிட்டிவ்' என்பதன் குறுக்கமாகிய 'பாஸ்' வழக்கொழிந்தது, 'மாப்' நிலைத்தது. 1755-இல் வெளிவந்த ஜான்சன் அகராதியிலும் இஃது இடம்பெற்றது. இழிந்தோர் எனப் பொருள்படும் சொற்கள் ஆங்கிலத்தில் முன்னரே இருந்தன. எனினும், அரசியற் பூசலில் தெருவிலே திரண்டு இயங்கும் கூட்டத்தைச் சுட்ட ஒரு பெயர் வேண்டப்பட்டது. அத்தேவையே இச்சொல்லை நிலைபெறச் செய்தது என்பது எம் துணிபு.

செவ்வழக்கில் ஏறிய பின்னும் இகழ்ச்சி நீங்கிற்றில்லை. 1780-ஆம் ஆண்டு சூன் திங்களில் இலண்டனில் கத்தோலிக்கர்க்கு எதிராகக் கார்டன் கலகம் நிகழ்ந்தது. நியூகேட் சிறைச்சாலை எரியூட்டப்பட்டது. அதிற் கலந்துகொண்டோர் 'மாப்' என்னும் ஒரு சொல்லில் அடக்கப்பட்டு, கள்வரும் கயவருமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டனர். ஜார்ஜ் ரூடே என்னும் வரலாற்றாசிரியர் வழக்குமன்றப் பதிவுகளை ஆராய்ந்து, அவருட் பெரும்பாலோர் தொழில் செய்து கூலி பெற்று வாழ்ந்தோர் எனக் காட்டினார். 1964-இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலும் 'மாப்' என்னாது, கூட்டம் எனப் பொதுவாகப் பொருள்படும் 'கிரவுடு' என்னும் சொல்லையே அவர் ஆண்டார். கலகக்காரர் செய்த கொடுமை இதனாற் குறைந்துவிடாது. ஆயின் அவர் யாவர் என்னும் வினாவிற்கு விடை கிடைத்தது. அவ்வினா எழாதவாறு தடுத்து நின்றது ஒரு சொல்லே.

கொச்சை வழக்கும் இச்சொல்லை விட்டிலது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முடிச்சவிழ்ப்போர் கும்பலையும், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குற்றவாளிகளின் பெருங்கூட்டமைப்பையும் இது குறித்தது. ஆஸ்திரேலியாவில் ஆட்டுமந்தைக்கும் இதுவே பெயர். அந்நாட்டுப் பழங்குடி மக்களோ தம் சுற்றத்தையும் இனக்குழுவையும் இச்சொல்லாற் சுட்டுகின்றனர். ஆண்டு இகழ்ச்சி சிறிதும் இல்லை. உறவும் உரிமையுமே தோன்றுகின்றன.

இதனால் அறியப்படுவது யாது? சொல்லின் உயர்வும் இழிவும் கொச்சை, செவ்வழக்கு என்னும் பாகுபாட்டால் மட்டும் அமைவன அல்ல. யார் யாரைச் சொல்லுகின்றார் என்பதனாலும் அமைவன. ஆகவே, அகராதி தொகுப்போர் ஒரு சொல்லைக் கொச்சை எனக் குறிப்பதோடு அமையாது, அதன் காலத்தையும் இடத்தையும், அதனை வழங்கினோரையும், அதனாற் சுட்டப்பட்டோரையும் உடன் குறித்தல் வேண்டும். தமிழ்ச் சொற்களின் வரலாற்றை ஆராய்வார்க்கும் இது பொருந்தும்.