காலி வீடுகளின் சாதி

1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசுப் பணியில் சேர்கிறார். தங்க வீடில்லை. ஆளே வராத ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் சொல்லி இடம் பிடிக்கிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து விரட்டியது. கட்டடம் காலியாகக் கிடக்கலாம், தீண்டப்படாதவர் மட்டும் தங்கக் கூடாது!

"என் வீடு, என் விருப்பம்" என்பார்கள். அரசு அதை எப்போதும் ஏற்றதில்லை. 1960-ஆம் ஆண்டின் சென்னை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீடு காலியானால் உரிமையாளர் 7 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை வாடகைக்கு எடுத்துத் தன் அதிகாரியைக் குடிவைக்கலாம். நியாய வாடகையும் நிர்ணயிக்கலாம். அதிகாரிக்காகக் காலி வீட்டின் கதவைத் தட்டிய சட்டம், சாதி கேட்டு மூடப்பட்ட கதவைத் தட்டவில்லை. அது காத்தது உள்ளே நுழைந்துவிட்ட குடித்தனக்காரரை.

எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனால் "சைவம் மட்டும்" என்று சொல்பவரிடம் அதை நிரூபிப்பது யார்?

2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாக இருந்தவை சுமார் 1.1 கோடி வீடுகள். பழைய சட்டத்தின் இடத்தில் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டமும் ஒப்பந்தத்தைப் பதியச் சொல்கிறது. மறுப்பைப் பதியச் சொல்லவில்லை.

காலி வீட்டுக்கு வரி போடுங்கள், வரவேற்போம். கூடவே, வீடு மறுத்தவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும் சட்டம் எழுதுங்கள்.