யாழ்ப்பாணத் தீவகத்தில் சமய வெறியும் அறிவு வளர்ச்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவை அமைந்துள்ள பகுதி தீவகம் எனப்படும். சைவம், பௌத்தம், கத்தோலிக்கம், புரொட்டஸ்தாந்தம் ஆகிய நான்கு சமயங்களின் தடங்களும் இங்கு உண்டு. கல்வி பெருகினால் மதவெறி தானே தேய்ந்துபோகும் என்ற பொதுக் கருத்தைத் தீவக வரலாறு முழுமையாக ஆதரிப்பதில்லை. கோயிலை இடித்த சமய ஆர்வமே நூல்களையும் அச்சிட்டது. அறிவு தேடிக் கண்ட சான்றுகளே பின்னர் சமயச் சண்டைக்கும் பயன்பட்டன.

பழைய சான்றுகள்

புத்தர் நாக அரசர் இருவரின் அரியணைப் பிணக்கைத் தீர்த்துவைத்ததாக மகாவம்சம் கூறும் நாகதீபம் நயினாதீவு என்பது பௌத்த மரபு. மணிமேகலை காப்பியத்தின் மணிபல்லவமும் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். தீவின் நாகபூசணி அம்மன் ஆலயத்தில் முதலாம் பராக்கிரமபாகுவின் (ஆட்சி 1153–1186) தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் அயல்நாட்டு வணிகருக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்றும், யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் எஞ்சியது உடையவருக்கும் சேரும் என்றும், பிற சரக்குக் கலமானால் பாதிப் பாதி என்றும் அது விதிக்கிறது. பௌத்த அரசன் ஒருவனின் ஆணை தமிழில் எழுதப்பட்டு இன்று அம்மன் கோயிலில் இருப்பது, மொழியையும் சமயத்தையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்போருக்கு இடறலான சான்று.

போர்த்துக்கேயர் காலம்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. நயினாதீவு ஆலயமும் அக்காலத்தில் அழிந்தது. அது 1788 அளவில் மீண்டும் எழுந்ததாகக் கூறப்படுகிறது. மறுபுறம், அதற்கு முன்பே மறைபரப்பும் தேவைதான் தமிழை அச்சேற்றியிருந்தது. உரோமன் எழுத்தில் தமிழைத் தந்த கார்த்தில்யா என்ற நூல் 1554இல் லிஸ்பனில் வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது.

ஒல்லாந்தர் காலம்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை லைடன் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது. நெடுந்தீவின் டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டுமே ஆங்கில வழக்கில் நிலைத்தது. சீர்திருத்தத் திருச்சபையினரான இவர்கள் கத்தோலிக்க சமயத்தையே தடைசெய்தனர். கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் 1687இலிருந்து யாழ்ப்பாணத்தில் மறைந்து பணியாற்றினார். 1689 கிறிஸ்துமஸ் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கர் சிறைபிடிக்கப்பட்டனர். கத்தோலிக்கர் மீதான தடைகள் பிரித்தானியர் ஆட்சியில் 1806இல் நீங்கின.

இதே ஒல்லாந்தர் ஆட்சிதான் பள்ளிகளை நடத்தியது, பள்ளித் தோம்பு எனும் பதிவேட்டில் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்தது, 1707இல் யாழ்ப்பாண வழக்காறான தேசவழமைச் சட்டத்தைத் தொகுப்பித்தது. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த போதகர் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூல், அன்றைய மக்கள் வாழ்வை அறிய உதவும் மூலங்களில் ஒன்று. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறவும் அரசுப் பதவி பெறவும் திருமுழுக்கு வேண்டும் என்ற நிலையில், பலர் வெளியில் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் வாழ்ந்தனர்.

பள்ளிப் போட்டி

தீவகத்துக்கு எதிர்க்கரையில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய செமினரி, கணிதமும் வானியலும் தமிழும் கற்பித்தது. 1829இல் சந்திர கிரகணக் கணிப்பை முன்வைத்து மிஷனரிமாருக்கும் பஞ்சாங்கக் கணிதருக்கும் விவாதம் மூண்டது. நவீன வானியலைக் காட்டிப் புராண அண்டவியலை மறுப்பதே மிஷனரிமாரின் நோக்கம். படித்தவர் பெருகியும் மதம் மாறியோர் குறைவாகவே இருந்ததால், மிஷனே 1855இல் அந்தச் செமினரியை மூடிவிட்டது.

பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் (1822–1879), மிஷனரிமாரின் முறைகளையே கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். பின்னர் அச்சுக்கூடமும் அமைத்தார். தீவகத்துச் சைவப் பள்ளிகளும் அவ்வழி வந்தவை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் சம ஆசனம் பெற 20ஆம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது.

தனிநாயகம் அடிகள்

ஊர்காவற்றுறைத் தீவின் கரம்பொன்னில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குரு. பழைய மறைபரப்பு நூல்களை மதப் பெருமைக்காக அன்றித் தமிழ் ஆய்வுக்கான மூலங்களாக உலகுக்கு அறிமுகம் செய்தார். 1679இல் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பித்தார். 1964இல் அவர் முன்னின்று உருவாக்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தில் பல நாட்டு, பல சமய அறிஞர் இணைந்தனர்.

தொல்லியலும் உரிமைக்கோரலும்

நயினாதீவில் நாகவிகாரையும் அம்மன் ஆலயமும் அருகருகே உள்ளன. குறிகட்டுவானிலிருந்து புறப்படும் ஒரே படகில் இரு சமயத்து அடியாரும் செல்கின்றனர். ஆயினும் வடக்கின் பௌத்தச் சின்னங்கள் எல்லாம் சிங்களவருக்கே உரியவை என்பது ஒரு தரப்பின் வாதம். பௌத்தத் தடயத்தையே ஏற்க மறுப்பது மறுதரப்பின் வாதம். தமிழ்ப் பௌத்தம் இருந்தது என்ற ஆய்வு முடிவு இரண்டுக்கும் ஒவ்வாதது. நயினாதீவுக் கல்வெட்டை 1963இல் பதிப்பித்த வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா, தமிழர் குடியேற்றம் பற்றிய தம் 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டுக் கருத்துகளைப் புதிய சான்றுகளின் அடிப்படையில் 2005இல் வெளியான நூலில் தாமே திருத்தினார். அந்த ஆய்வேட்டை இனவாத வாதங்களுக்கு எடுத்தாண்டோர் அத்திருத்தத்தைப் பெரிதாகக் கொள்ளவில்லை. புதிய சான்று வந்தால் முடிவை மாற்ற ஒப்புவதிலேயே ஆய்வும் வெறியும் வேறுபடுகின்றன என்பதற்குத் தீவகத்தில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இது.