ஆட்டினம் அறிந்து நூற்றல்: ஷெட்லாந்துக் கம்பளியின் மறைவும் மீட்சியும்

ஆட்டு உரோமத்தை அது எந்த இனத்து ஆட்டின் உடலில் வளர்ந்தது என்று அறிந்து வாங்கி, அந்த இனத்தின் இயல்புக்கேற்ப நூற்றுப் பின்னும் வழக்கம் கடந்த அரை நூற்றாண்டில் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் வேரூன்றியுள்ளது. பழமையின் மீதுள்ள ஏக்கம் என்று இதனை ஒதுக்கிவிடுவோர் உண்டு. வரலாற்றுச் சான்றுகள் அந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை. இழையின் நுண்மை என்ற ஒற்றை அளவுகோலைக் கொண்டு கம்பளிச் சந்தை எல்லா உரோமத்தையும் மதிப்பிடத் தொடங்கியபோது வழக்கொழிந்துபோன ஓர் அறிவு, கையால் நூற்போரும் பின்னுவோரும் அதைத் தேடி எடுத்ததால் மீண்டு வந்தது என்பதே இக்கட்டுரையின் முடிபு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே அட்லாண்டிக் கடலில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் கம்பளி, உருவாக்கம், மறைவு, மீட்சி என்ற மூன்று கட்டங்களையும் தெளிவாகக் காட்டுவதால் அதுவே இங்கு முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

உரோம இழையின் தன்மை ஓர் அளவில் அடங்குவதன்று. இழையின் விட்டம் மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது. மெரினோ ஆட்டின் இழை பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரான் வரையும், லிங்கன் நீளுரோம ஆட்டின் இழை 35 மைக்ரானுக்கு மேலும் இருக்கும். விட்டம் அளவுக்கு முக்கியமான வேறு பண்புகளும் உள்ளன. இழையின் உட்பகுதியில் இருவகை உயிரணுக்கள் இரு பக்கமாகப் பிரிந்து அமைவதால் உண்டாகும் நெளிவு நூலுக்கு மீள்திறனைத் தருகிறது. மேற்பரப்பில் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் செதில்கள் பெரியனவாகவும் படிந்தும் இருந்தால் ஒளி ஒரே சீராகத் திரும்பி மினுமினுப்பு உண்டாகிறது. அவை நெருக்கமாகத் துருத்தி நின்றால் ஈரத்திலும் உராய்விலும் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணி இறுகிச் சுருங்குகிறது. இங்கிலாந்தின் தென்குன்றுகளைச் சேர்ந்த சௌத்டவுன் ஆட்டின் உரோமம் சுருள்வில் போன்ற நெளிவுடையதாய் எளிதில் இறுகாததால் காலுறைக்கு ஏற்றது; நீளமும் மினுமினுப்பும் கொண்ட லிங்கன் உரோமம் காலுறைக்குப் பயன்படாவிட்டாலும் பட்டுபோல் விழும் துணிக்கு உகந்தது. ஆகவே எந்தக் கம்பளி சிறந்தது என்ற கேள்விக்கு, எதற்காக என்று கேட்காமல் விடை கூற இயலாது.

ஷெட்லாந்து 1469ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அரசின் கைக்குப் போகும்வரை நார்வே ஆட்சியில் இருந்த நிலம். அங்கே வரியே கம்பளித் துணியாகச் செலுத்தப்பட்டது. ஆடுகளும் வட ஐரோப்பாவின் குட்டைவால் இனக்குழுவைச் சேர்ந்தவை, உருவத்தில் சிறியவை, புல் குறைந்த மேட்டு நிலத்திலும் கடற்கரைப் பாசியிலும் பிழைப்பவை. கோடைத் தொடக்கத்தில் பழைய உரோமம் தானாகத் தளர்வதால் தீவினர் அதைக் கத்தரிக்காமல் கையாலேயே மெல்ல உருவி எடுத்தனர். வெட்டுப்படாத இழை முனைகள் கூர்ந்திருப்பதால் அந்த நூல் தோலை உறுத்துவதில்லை. கழுத்துப் பகுதியின் மிக நுண்ணிய உரோமம் தனியே ஒதுக்கப்பட்டது. ஒரே ஆட்டின் உடலில்கூட எந்தப் பகுதி எதற்கு உதவும் என்பதைப் பெண்கள் விரலால் அறிந்திருந்தனர். பின்னல் தொழிலின் தொன்மைக்கு 1951இல் கன்னிஸ்டர் என்னுமிடத்தில் கரிச்சேறு வெட்டியபோது கிடைத்த மனித உடல் சான்றாகும். அதனுடன் இருந்த நாணயங்கள் 1681, 1690 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை என்பதால், உடலோடு கிடைத்த பின்னல் தொப்பிகளும் காலுறைகளும் கையுறைகளும் வண்ணக் கோலமிட்ட சிறு பையும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை எனத் துணியலாம். அதே நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன்பிடிக்க வந்த டச்சுக் கப்பல்களின் மாலுமிகள் பிரெஸ்ஸே நீரிணைக் கரையில் தீவுப் பெண்களிடம் காலுறை வாங்கிச் சென்றனர்.

இக்காலத்தில் ஐரோப்பியப் பெருநிலத்தில் கம்பளியின் மதிப்பு வேறு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. 1273இல் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் ஆதரவு பெற்ற மெஸ்தா என்னும் ஆட்டுரிமையாளர் கூட்டமைப்பின் காலந்தொட்டு வளர்ந்த ஸ்பானிய மெரினோ ஆட்டை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 1765இல் சாக்சனிக்கும், 1786இல் பிரான்சின் ராம்பூயே அரசப் பண்ணைக்கும், 1797இல் நன்னம்பிக்கை முனை வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் மெரினோ சென்றதும் நுண்ணிழைக் கம்பளி உலகச் சரக்காயிற்று. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரின் டிஷ்லிப் பண்ணையில் ராபர்ட் பேக்வெல் (1725–1795) உருவாக்கிய புது லெஸ்டர் இனமோ இறைச்சியை முதன்மையாகக் கொண்டது. அதன் கலப்பு பரவிய இடங்களில் உரோமத்தின் தரம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. நுண்மைக்கு ஒருபுறமும் இறைச்சிக்கு மறுபுறமும் இழுபட்ட நிலையில், இரண்டிலும் முந்த இயலாத பழைய இனங்கள் சந்தையின் பார்வையில் குறையுடையனவாகத் தோன்றலாயின. யார்க்ஷயரின் பிராட்ஃபோர்ட் நகர வணிகர் வகுத்த கவுண்ட் முறை இந்தப் பார்வைக்கு எண் வடிவம் தந்தது. பருத்தி நூலின் கவுண்ட் கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளர் அனைவரும் அறிந்ததே. கம்பளியில் அது, கோதிச் சீராக்கிய ஒரு பவுண்டு உரோமத்திலிருந்து 560 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை நூற்க முடியும் என்ற கணக்காகும். நெளிவும் மினுமினுப்பும் உழைக்கும் வலுவும் இந்த எண்ணில் இடம்பெறவில்லை.

ஷெட்லாந்து ஆட்டின் தனித்தன்மையை வெளியுலகம் அறியாமலில்லை. சர் ஜான் சின்க்ளேரின் முயற்சியால் 1790இல் ஹைலண்ட் சங்கம் ஷெட்லாந்துக் கம்பளி குறித்து அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு அவரே பிரிட்டிஷ் கம்பளிச் சங்கத்தை நிறுவினார். ஆனால் அதே சின்க்ளேர்தான் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப்புறத்துச் செவியட் ஆட்டை வடக்கே கொண்டுசென்று பரப்பியவர். செவியட்டும் கருமுக ஆடும் காலப்போக்கில் ஷெட்லாந்தையும் அடைந்து உள்ளூர் இனத்தோடு கலந்தன. தனித்தன்மையைப் போற்றிய கையே அதைக் கரைக்கும் வழியையும் திறந்ததென்பது இவ்வரலாற்றில் வருந்தத்தக்க உண்மை.

19ஆம் நூற்றாண்டில் அன்ஸ்ட் தீவின் பெண்கள் கழுத்துரோமத்தைக் கையால் நூற்றுப் பின்னிய சல்லாச் சால்வைகள், மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கக்கூடிய அளவுக்கு நுண்மையானவை, லண்டன் சந்தையில் புகழ்பெற்றன. ஆயினும் பின்னியவர்களுக்கு அந்தப் புகழின் பலன் சேரவில்லை. வணிகர்கள் கூலியைப் பணமாகத் தராமல் தேயிலை, துணி முதலிய சரக்காகவே தந்துவந்த கொடுமையை 1872ஆம் ஆண்டின் அரசு விசாரணை ஆணையம் விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஆட்டினக் கம்பளியின் சிறப்பைப் பேசும் இன்றைய நூல்கள் பலவற்றில் இந்தப் பகுதி அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை; அது பெருங்குறை. 1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் ஃபேர் தீவின் வண்ணக்கோலச் சட்டையை அணிந்து தோன்றியபின் அந்தப் பின்னல் உலக மோகமாயிற்று. இங்கும் இனத்தின் இயல்பே தொழில்நுட்பத்துக்கு அடிப்படை. ஒரு வரிசையில் இரு வண்ண நூல்களைக் கொண்டு பின்னும்போது பயன்படாத நூல் துணியின் உட்புறம் தொங்கலாக ஓடுகிறது. சட்டை முழுவதையும் குழல்போல் வட்டமாகப் பின்னி முடித்தபின், கைக்கும் முன்திறப்புக்குமான இடம் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கப்படுகிறது. ஷெட்லாந்து இழைகள் அண்டைக் கண்ணிகளைப் பற்றிக்கொள்வதால் வெட்டிய ஓரம் பிரிந்து போவதில்லை. வழுக்கும் நூலில் இதைச் செய்யத் துணிவோர் அரிது.

தூய இனம் அருகிவருவதை உணர்ந்த தீவினர் 1927இல் ஷெட்லாந்து மந்தைப் பதிவேட்டுச் சங்கத்தை அமைத்தனர். அது இனத்தைக் காத்ததேயன்றி அதன் நிறங்களையும் காக்கவில்லை. இந்த ஆட்டுக்குப் பதினொரு முதன்மை நிறங்களும் முப்பது வகை உடற்குறிகளும் உண்டு. செம்பழுப்புக்கு மூரிட், எஃகுச் சாம்பலுக்கு ஷேலா, தேன்பழுப்புக்கு மியோகெட் என்று பழைய நார்ஸ் மொழிவழி வந்த பெயர்கள் வழங்கின. சாயமேற்ற உதவும் வெள்ளை உரோமத்துக்கே ஆலைகள் கூடுதல் விலை தந்தமையால் நிற ஆடுகள் மந்தையிலிருந்து கழிக்கப்பட்டன.

1950இல் உருவான பிரிட்டிஷ் கம்பளி விற்பனை வாரியம், நான்குக்கு மேற்பட்ட ஆடுகள் வைத்திருந்தோர் அனைவரையும் பதிவு செய்யவைத்து, அவர்களது உரோமத்தைத் தரம் பிரித்து ஏலத்தில் விற்றது. நம் கொள்முதல் நிலையங்களில் நெல் சன்னரகம், பொதுரகம் என்று கொள்ளப்பட்டபின் எந்த வயலின் எந்த நெல் என்ற அடையாளம் மூட்டையோடு மறைவதுபோல, வாரியத்தின் தரப்பொதியில் பண்ணையும் பெரும்பாலும் இனமும் மறைந்தன. சிறு விவசாயிக்கு உறுதியான விலை கிடைத்தது உண்மை. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஷெட்லாந்து இந்த ஏற்பாட்டுக்கு வெளியே விடப்பட்டமையால் லெர்விக் நகர வணிக நிலையங்கள் தீவு உரோமத்தைத் தனியே வாங்கித் தனியே தரம்பிரிக்க முடிந்தது. பெயர் மட்டும் காக்கப்படவில்லை: ஆடைச் சந்தையில் ஷெட்லாந்து என்பது ஒருவகைத் தளர்நூலின் பொதுப்பெயராகி, நியூசிலாந்து உரோமத்தில் நூற்றதற்கும் வழங்கலாயிற்று. 1970களின் எண்ணெய்த் தொழில் கூடுதல் கூலி தந்தபோது பின்னல் கைகளும் குறைந்தன.

நுண்மையே மேன்மை என்ற கொள்கை அரசுத் திட்டமாகவே செயல்பட்ட இடம் அமெரிக்காவின் தென்மேற்கு. ஸ்பானியர் கொண்டுவந்த சுர்ரா ஆட்டின் வழிவந்த நவாஹோ மக்களின் ஆடுகள் நீண்ட வெளியுரோமமும் மென்மையான உள்ளுரோமமும் கொண்டவை. கொழுப்புக் குறைவானதால் நீர் அரிதான அந்நிலத்தில் சிறிதளவே கழுவி நூற்க முடிந்தது. இனத்தை மேம்படுத்துவதாக ராம்பூயேக் கிடாக்கள் கலக்கப்பட்டபோது, குட்டையான, கொழுப்பு மிகுந்த, நெருங்கிய நெளிவுடைய உரோமம் கைநூற்புக்கு உதவவில்லை. மேய்ச்சல் நிலம் அரிக்கப்படுகிறது என்ற காரணத்தால் 1930களில் அரசு நடத்திய மந்தைக் குறைப்பு எஞ்சியவற்றையும் பெரிதும் அழித்தது. நெசவுக்கு ஏற்ற பழைய வகையை ஆராய 1935இல் ஃபோர்ட் விங்கேட்டில் அரசே ஓர் ஆய்வகம் திறக்க நேர்ந்தது. 1977இல் பேராசிரியர் லைல் மெக்நீல் தொடங்கிய திட்டம் எஞ்சிய ஆடுகளைத் தேடித் திரட்டி இனத்தை மீட்டது.

மீட்சியின் வேர்கள் கைநூற்பு இயக்கத்தில் உள்ளன. எத்தல் மைரெட் (1872–1952) இங்கிலாந்தின் டிட்ச்லிங் ஊரில் நடத்திய நெசவுக்கூடமும், 1955இல் உருவான நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் குழுக்களின் சங்கமும், நியூசிலாந்தில் ஆஷ்ஃபோர்ட் குடும்பத்தார் செய்த வீட்டு ராட்டைகளும் ஒரு முழு ஆட்டின் உரோமத்தைக் கழுவாமல் வாங்கித் தாமே பிரித்து நூற்கும் ஒரு கூட்டத்தை உருவாக்கின. ஆலைக்குச் சீரான இழை வேண்டும், ஏனெனில் இயந்திரம் ஒருமுறை அமைத்தபின் மாறாது. கைக்கு அந்தத் தேவையில்லை. நீண்ட உரோமத்தைக் கோதி இழைகளை இணையாக நிறுத்தி வழவழப்பாக நூற்பதும், குட்டை உரோமத்தைப் பரப்பிச் சுருட்டிக் காற்றடைத்த தளர்நூலாக்குவதும் ஒரே ராட்டையில் ஒரே மாலையில் நடக்கக்கூடியவை. 1973இல் அரிய இனங்கள் பாதுகாப்பு அறக்கட்டளை தோன்றியபோது, அந்நூற்றாண்டில் மட்டும் பிரிட்டன் 26 உள்நாட்டுக் கால்நடை இனங்களை இழந்திருந்தது. அறக்கட்டளை காக்க முனைந்த செம்மறி இனங்களின் நிற உரோமத்தை, ஆலை தள்ளியதை, விலைகொடுத்து வாங்கியவர்கள் இந்தக் கைவினைஞரே. மைக்கேல் ரைடரின் ஆடும் மனிதனும் என்ற பெருநூல் (1983) வரலாற்று அடித்தளம் அமைத்தது. கிளாரா பார்க்ஸ் 2009இலும், டெபோரா ராப்சனும் கரோல் எகாரியஸும் 2011இலும் வெளியிட்ட நூல்கள் ஒவ்வோர் இனத்தின் இழையையும் பின்னுவோரின் தேவையிலிருந்து விளக்கின. 2019இல் அமெரிக்கக் கால்நடைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய திட்டம், அருகிவரும் இனங்களின் உரோமத்தை வாங்கி நூற்போரைப் பதிவுசெய்து ஊக்குவிக்கிறது.

ஷெட்லாந்தில் 2010 முதல் ஆண்டுதோறும் கம்பளி வாரம் நடைபெறுகிறது. 2011இல் ஷெட்லாந்து உள்ளூர்க் கம்பளி என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. நிற ஆடுகளின் உரோமத்துக்கு இன்று அந்தந்த நிறத்தின் பெயராலேயே விலை உண்டு. இந்த மீட்சிக்கு வரம்புகளும் உள்ளன. கைவினைஞர் வாங்கும் அளவு ஆலை வாங்கும் அளவில் சிறு பங்கே. மென்மையை மட்டும் தேடும் பழக்கம் பின்னுவோரிடமும் ஆழமாகப் பதிந்துள்ளமையால் ஹெர்ட்விக் போன்ற மலையாடுகளின் முரட்டு உரோமத்துக்கு நல்ல விலை இன்னும் அமையவில்லை.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நீலகிரி வரை நீள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே உருவான நீலகிரி ஆட்டில் குறும்பை எனப்படும் கோயம்புத்தூர் ஆடு, டாஸ்மேனிய மெரினோ, செவியட், சௌத்டவுன் ஆகிய நான்கின் குருதியும் கலந்துள்ளது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பேணிவருகிறது. மெரினோ, ராம்பூயே கலப்பில் சாண்டினோ என்ற புதிய இனமும் அங்கேயே உருவாக்கப்பட்டது. நீலகிரி ஆட்டின் எண்ணிக்கை மிகக் குறைந்துள்ள இன்று, அதன் உரோமத்தை மைக்ரான் கணக்கோடு நிறுத்திவிடாமல் நெளிவு, மீள்திறன், இறுகும் இயல்பு ஆகியவற்றோடு சேர்த்து ஆராய்ந்து, கையால் நூற்றும் பின்னியும் பார்க்கும் பணியைக் கோவையின் நெசவுத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் கால்நடை அறிவியலாரும் இணைந்து மேற்கொள்ள வேண்டும்.