மஸ்டாங் பழக்குதல்

மஸ்டாங் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் உடையவர் இன்றித் திரியும் குதிரை. நெவாடா, வயோமிங், ஒரிகன், யூட்டா முதலிய மாநிலங்களின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் சிறு சிறு மந்தைகளாக வாழ்கிறது. இதைப் பிடித்து வந்து, ஏறக்குறைய 100 நாளில் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பழக்கி, அரங்கில் போட்டிக்கு இறக்கும் வழக்கம் 2007 முதல் நடந்துவருகிறது.

இதைக் காட்டுக் குதிரை என்பது வழக்கமாகிவிட்டாலும் சரியன்று. வீட்டுக் குதிரையின் வழியில் வந்து, கை நழுவிக் காடேறியது இது. 

சொல்

மஸ்டாங் என்ற பெயரின் வேர் மெஸ்தா. மெஸ்தா என்பது ஸ்பெயினின் காஸ்டில் நாட்டில் ஆட்டு மந்தை உடையோர் அமைத்த சங்கம். 1273இல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் அதற்கு அரசு ஏற்பு அளித்தார். வழிதவறி வந்த, உடையவர் தெரியாத கால்நடை இச்சங்கத்தைச் சேரும். அத்தகைய விலங்கு 'மெஸ்தேன்யோ' எனப்பட்டது. அச்சொல் மெக்சிகோ வழியே டெக்சஸ் மாட்டுக்காரர்களின் வாயில் புகுந்து மஸ்டாங் ஆனது. ஆக, பெயரிலேயே 'ஊர்ப் பொதுமாடு' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது.

குதிரைத் தொழிலின் மற்றச் சொற்களும் இவ்வாறே பயணம் செய்தவை. வாயில் இரும்பு இல்லாமல் மூக்கின் மேல் அழுத்தும் கடிவாளத்தை அமெரிக்கர்கள் ஹாக்கமோர் என்பர். ஸ்பானிய 'ஹாக்கிமா' அதன் மூலம். அதற்கும் மூலம் அரபு. மாட்டுக்காரனைக் குறிக்கும் 'பக்கரூ' என்ற சொல் ஸ்பானிய 'வக்கேரோ'வின் மரூஉ.

வந்த வழி

குதிரைக் குலம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். அங்கிருந்து பெரிங் நிலப்பாலம் வழியே ஆசியாவுக்குச் சென்று பரவியது. பிறந்த மண்ணிலோ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. கொலம்பஸ் 1493இல் தம் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார். 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் மெக்சிகோக் கரையில் இறங்கியபோது அவரிடம் இருந்தவை 16 குதிரைகள். அப்படையில் வீரராக இருந்த பெர்னால் தியாஸ், முதுமையில் எழுதிய வரலாற்றில் அந்தப் பதினாறையும் நிறம், குணம், உடையவர் பெயர் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பெட்டைக் குதிரை கப்பலிலேயே குட்டி போட்டதையும் அவர் விடவில்லை. படையெடுத்துச் சென்ற மனிதர்களில் பலருக்குக்கூட இவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

1598இல் ஹுவான் தே ஓன்யாத்தே இன்றைய நியூ மெக்சிகோவில் குடியேற்றம் அமைத்தபோது குதிரைகள் வடக்கே ஏறின. 1680இல் அங்கிருந்த பியூப்ளோ பழங்குடி மக்கள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்து விரட்டினர். அப்போது கைவிடப்பட்ட குதிரைகளே சமவெளிப் பழங்குடிகளிடம் பரவின என்று பழைய நூல்கள் எழுதின. 2023இல் வெளிவந்த எலும்பாய்வு இக்கணக்கை மாற்றியது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சமவெளியிலும் ராக்கி மலைப் பகுதியிலும் பழங்குடிகள் குதிரை வளர்த்தனர் என்பது இப்போது தெளிவு. அவர்களில் கோமாஞ்சிகள் குதிரைப் படையால் ஆட்சி செலுத்தினர். நெஸ் பெர்ஸ் மக்கள் தேர்ந்து இனம்பெருக்கிய புள்ளிக் குதிரையே இன்றைய அப்பலூசா.

ஒரு காலத்தில் மஸ்டாங்குகள் 20 லட்சம் இருந்தன என்று பல நூல்களில் காணலாம். இது டெக்சஸ் எழுத்தாளர் ஃபிராங்க் டோபி 1952இல் ஊகம் என்று சொல்லியே தந்த எண். அவருக்குப் பின் வந்தவர்கள் 'ஊகம்' என்ற சொல்லை விட்டுவிட்டனர்.

சட்டம்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மஸ்டாங்குகளை லாரியாலும் விமானத்தாலும் துரத்திப் பிடித்து, நாய்த் தீனி ஆலைகளுக்கு விற்றனர். 1950இல் நெவாடாவைச் சேர்ந்த அலுவலகச் செயலாளர் வெல்மா ஜான்ஸ்டன், வேலைக்குப் போகும் வழியில் முன்னே சென்ற லாரியிலிருந்து இரத்தம் ஒழுகுவதைக் கண்டு பின்தொடர்ந்தார். உள்ளே நெருக்கி அடைத்திருந்தவை குதிரைகள். அன்று தொடங்கியது அவருடைய போராட்டம். எதிரிகள் அவருக்குக் 'காட்டுக்குதிரை ஆனி' என்று பட்டப்பெயர் சூட்டி எள்ளினர். அப்பெயரையே அவர் தமக்கு வைத்துக்கொண்டார். 1959ஆம் ஆண்டுச் சட்டம் விமானத்தாலும் மோட்டார் வண்டியாலும் துரத்துவதைத் தடுத்தது. 1971 டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், இக்குதிரைகளை அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாற்று உணர்வுக்கு உயிருள்ள அடையாளம் எனக் கொண்டு கொல்லவும் விற்கவும் தடை செய்தது.

பகை இல்லாமல் மேய்ந்த மந்தைகள் அளவு மீறிப் பெருகின. மந்தை ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு பெருகக்கூடியது; நான்கைந்து ஆண்டில் இரட்டிக்கும். 1976இல் சட்டம் திருத்தப்பட்டு, அரசு ஹெலிகாப்டர் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. இன்று அரசின் நில மேலாண்மைப் பணியகம் மந்தைகளைத் திரட்டுவது இம்முறையில்தான். ஹெலிகாப்டர் பின்னிருந்து ஓட்ட, இருபுறமும் சாக்குத் துணி கட்டிய வேலிகள் குறுகிக்கொண்டே வர, வாய்ப்பகுதியில் பழக்கிய குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுவர். அது பட்டியை நோக்கி ஓடும். மந்தையும் பின்னால் ஓடும். காட்டிக்கொடுப்பதால் அக்குதிரைக்கு யூதாசு என்று பெயர்.

குறி

பிடிபட்ட குதிரையின் இடக் கழுத்தில் பிடரி மயிருக்குக் கீழே குறியிடுவர். சூட்டுக்கோல் அன்று, குளிர்க்கோல். செம்பு முத்திரையைத் திரவ நைட்ரஜனில் தோய்த்து மழித்த தோலில் அழுத்தினால், மயிருக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழியும். பின்னர் அவ்விடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். கருங்குதிரையில் சுண்ணாம்பால் எழுதியது போல் எடுப்பாகத் தெரியும். வெள்ளைக் குதிரைக்கு மட்டும் சற்று நேரம் கூட அழுத்தி, மயிரே முளைக்காமல் செய்வர். 1966இல் வாஷிங்டன் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஃபாரல் இம்முறையை உருவாக்கினார்.

குறியில் எண்கள் இல்லை, கோணங்களே உள்ளன. முதலில் அரசு முத்திரை. அடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பிறந்த ஆண்டின் இரு இலக்கங்கள். பிறகு ஆறு கோணங்களாகப் பதிவெண். கோணம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து இலக்கம் மாறும்; வளைத்து வேறு எண்ணாக்க முடியாது. பிறந்த ஆண்டு பல்லைப் பார்த்துக் கணித்ததே. இக்குறியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் குதிரையின் பதிவேடே கழுத்தில் எழுதியிருப்பது போல.

பழக்கும் முறை

குதிரைப் பழக்கத்தை ஆங்கிலத்தில் 'உடைத்தல்' என்றே நெடுங்காலம் சொன்னார்கள், செய்ததும் அதைத்தான். கூலிக்காரர் குதிரையைக் கம்பத்தில் கட்டி, கண்ணை மறைத்து, சேணம் பூட்டி, அது துள்ளி ஓயும் வரை முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பார். ஒஹையோவைச் சேர்ந்த பழக்குநர் ஜான் ரேரி 1858இல் விக்டோரியா அரசியின் முன் ஒரு முன்னங்காலை மடக்கிக் கட்டிக் குதிரையைப் படுக்கவைத்துக் காட்டியபோது அது மென்மையின் உச்சம் என்று புகழப்பட்டது. இன்றைய முறை பழக்குநர்களான டாம், பில் டோரன்ஸ் சகோதரர்களிடமும் அவர்கள் வழிவந்த ரே ஹண்டிடமும் தொடங்குகிறது. அழுத்தம் கொடு, குதிரை இம்மி இணங்கினாலும் உடனே அழுத்தத்தை எடு என்பதே அதன் சாரம். அழுத்தத்தால் குதிரை கற்பதில்லை, அதை எடுக்கும் நொடியில்தான் கற்கிறது. 

முதல் நாளில் வட்டப் பட்டிதான் பள்ளிக்கூடம். ஏறத்தாழ 60 அடி விட்டம். மூலை இருக்கக் கூடாது. குதிரைக்குத் தன்னைச் சுற்றி எங்கும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர. ஆகையால் பழக்குநர் தோள்பக்கமாகவே, வளைந்து வளைந்து, கண்ணைத் தாழ்த்தி நெருங்குவார். கை எட்டும் முன்பே நீண்ட மூங்கில் கழி எட்டும். கழி நுனி கழுத்தடியில் பட்டதும் தோல் நடுங்கும், குதிரை விலகும்; கழி கூடவே போகும். நின்றால் கழியை எடுத்துவிடுவார். நூறு முறை இப்படி நடந்தபின் ஒரு தடவை குதிரை விலகாமல் நிற்கும், காதைத் தளர்த்தி வாயை மெல்லும். இணங்கியதற்கு அதையே அடையாளமாகப் பழக்குவோர் எடுத்துக்கொள்கின்றனர். கழியைச் சிறிது சிறிதாக உள்ளே இழுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் கழுத்தில் படுவது கையாக இருக்கும்.

முகக்கயிறு மாட்டியபின் நீண்ட கயிற்றைத் தரையில் இழுபடவே விட்டுவிடுவர். தன் கயிற்றைத் தானே மிதித்து, தலை இழுபட்டு, காலைத் தூக்கினால் விடுதலை என்பதை மனிதத் தலையீடின்றிக் குதிரை கற்கும். கேரட்டையும் ஆப்பிளையும் காட்டி வசப்படுத்த முடியாது. அவை உணவென்றே அதற்குத் தெரியாது. கணினி விளையாட்டுகளில் கயிற்றை வீசி, முதுகில் அரை நிமிடம் தாக்குப்பிடித்தால் குதிரை நம்முடையதாகிவிடும். மெய்யான பட்டியிலோ குளம்பைத் தூக்கிச் சீவ விடவே வாரங்கள் பிடிக்கும்.

போட்டி

மஸ்டாங் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2001இல் தொடங்கியது. அது நடத்திய எக்ஸ்ட்ரீம் மஸ்டாங் மேக்ஓவர் முதல் போட்டி 2007இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் நடந்தது. 100 பழக்குநர், 100 குதிரை, 100 நாள். எந்தக் குதிரை யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வர்; பழக்குநர் தேர்ந்தெடுக்க முடியாது.

கையாளுதலும் உடற்செழிப்பும், தடை கடத்தல், நடைகளும் திருப்பங்களும் என மூன்று சுற்றுகள். தடைச் சுற்றில் மரப்பாலம், கிடைக் கம்பங்கள், குதிரை மேலிருந்தே திறந்து மூடவேண்டிய கதவு, பின்னோக்கி நடக்கவேண்டிய வளைந்த சந்து எல்லாம் இருக்கும். முதல் பத்து இடம் பெற்றவர்கள் இசையோடு கூடிய தனிக் காட்சி தருவர். சேணத்தின் மேல் நின்று சாட்டை சொடுக்குதல், தார்ப்பாயைப் போர்த்துதல், வெற்றுத்தோட்டா சுடுதல் என்று அது சற்று வித்தைக்காரத்தனமாகவே போகும். இளையோர் பிரிவினர் ஓராண்டுக் குட்டிகளைக் கையில் பிடித்து நடத்திக் காட்டுவர், ஏறுவதில்லை. முடிந்ததும் குதிரைகள் ஏலத்துக்கு வரும். மூன்று மாதம் கூடவே இருந்த குதிரையைப் பழக்குநரே ஏலம் கேட்டுத் தோற்று நிற்கும் காட்சியை 2011இல் வெளியான 'வைல்ட் ஹார்ஸ், வைல்ட் ரைடு' ஆவணப்படத்தில் காணலாம். 2013இல் நடந்த மஸ்டாங் மில்லியன் போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர்.

பழகாத குதிரையை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புபவருக்கு ஒவ்வொரு குதிரைக்கும் 400 சதுர அடிப் பட்டியும், வளர்ந்த குதிரை எனில் 6 அடி உயர வேலியும் கட்டாயம். ஓராண்டு ஒழுங்காக வைத்திருந்தால் உரிமைப் பத்திரம் கிடைக்கும்.

நெவாடா போன்ற மாநிலங்களில் சிறைக்கைதிகளும் மஸ்டாங்குகளைப் பழக்குகின்றனர். ஆஸ்திரேலியாவின் பிரம்பி, நியூசிலாந்தின் கைமனாவா குதிரைகளுக்கும் இத்தகைய போட்டிகள் உண்டு.

இன்றைய நிலை

2024 மார்ச்சில் பொதுநிலத்தில் குதிரைகளும் கழுதைகளும் சேர்ந்து ஏறத்தாழ 73,500 இருந்தன. அரசு போதுமென்று கருதுவது ஏறத்தாழ 25,600. மேலும் 60,000க்கு மேற்பட்டவை அரசுப் பட்டிகளிலும் குத்தகைப் புல்வெளிகளிலும் உள்ளன. தத்தெடுப்போருக்கு 1,000 டாலர் தரும் திட்டம் 2019இல் வந்தது. பணத்தைப் பெற்றபின் சிலர் குதிரைகளை இறைச்சிக்கு விற்றது 2021இல் செய்தியானது; 2025இல் நீதிமன்றம் திட்டத்தை நீக்கியது.