கைதியும் விண்ணப்பமும்: திருவிதாங்கூர்த் தென்னெல்லையில் மன்றமும் மக்களும் (1937–1956)

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைப் பகுதியில் அமைந்துள்ள ஆரியங்கோடு, பாறசாலை, வெள்ளறடை முதலிய ஊர்கள் 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லைப்புற ஊர்களாயின. அதற்கு முன்னர் அவை விளவங்கோடு, கல்குளம் வட்டங்களோடு தொடர்ந்து கிடந்த ஒரே நாட்டின் ஊர்களாக இருந்தன. அவ்வெல்லை உருவான வரலாறு போராட்ட வரலாறாகவே பெரிதும் எழுதப்பெற்றுள்ளது. அப்போராட்டங்களில் சிறைப்பட்டோரையும், அரசுக்கு விண்ணப்பித்தோரையும் சட்டமன்றம் எவ்வாறு நடத்தியது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

விண்ணப்பம் என்பது தமிழில் பழஞ்சொல். பல்லவர் செப்பேடுகளிலேயே கொடைக்கு வேண்டிக்கொண்டவரைக் குறிக்கும் இடத்தில் அது நின்றுவிட்டது. மனு, மகஜர் என்பன பிற்கால நிருவாகத்தின் வழி வந்தவை. எல்லைப்புற வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பலர் கையொப்பமிட்டு அரசுக்கு அளிக்கும் முறையீட்டை ‘மகஜர்’ எனத் தமிழர் வழங்குவர். மலையாளத்தில் அதே சொல் காவலர் நிகழ்விடத்தில் எழுதும் பதிவைக் குறிக்கும், முறையீட்டுக்கு அங்கே ‘நிவேதனம்’ என்று பெயர். முறையிட்டவன் பெயரையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் பெயரையும் ஒரே சொல் தாங்கி நிற்பது, நாம் காணப்போகும் வரலாற்றுக்குப் பொருந்தாமல் இல்லை.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் மன்றமொன்று கைதிகளையும் விண்ணப்பங்களையும் கையாண்டதற்கு இங்கிலாந்தின் 17ஆம் நூற்றாண்டு வரலாறு புகழ்பெற்ற சான்று. 1649 மார்ச்சு மாதத்தில் ஜான் லில்பர்ன் உள்ளிட்ட சமன்மைவாதிகள் நால்வர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஏப்ரல் மாதம் அவர்தம் விடுதலை வேண்டிப் பெண்கள் திரண்டு விண்ணப்பம் கொணர்ந்தபோது, இது உங்கள் அறிவுக்கு எட்டாத பொருள், வீட்டுக்குச் சென்று இல்லப் பணியைப் பாருங்கள் என்னும் கருத்துப்பட மக்களவை விடையளித்தது. அங்கு மன்னனை வென்ற மன்றமே சிறையிட்டது. விண்ணப்பமும் அதனிடமே வந்தது. திருவிதாங்கூரில் நிகழ்ந்தது உள்நாட்டுப் போர் அன்று. எனினும் அரசின் படை தன் குடிகள்மீது சுட்ட நாள்களில் மன்றம் எங்கே நின்றது என்னும் வினா இங்கும் எழவே செய்கிறது.

திருவிதாங்கூரில் சட்டமியற்றும் சபை 1888இல் அமைந்தது. 1904இல் கூடிய ஸ்ரீமூலம் பிரஜா சபையோ சட்டமியற்றும் உரிமையற்றது. பல வட்டங்களிலிருந்தும் வந்தோர் தத்தம் குறைகளைத் திவானிடம் எடுத்துரைக்கும் அவையாகவே அது தோன்றியது. விண்ணப்பத்தைக் கேட்கும், அதன்மேல் முடிவெடுக்காது என்பதே அதன் இயல்பு. 1932இல் ஈரவை முறை அறிவிக்கப்பட்ட பின்னரும் அமைச்சர் பொறுப்பு அவைக்கு வரவில்லை. ஆகவே அவை அரசைக் கட்டுப்படுத்த இயலவில்லை. தன் உறுப்பினரைத் தண்டிக்க மட்டும் அதனால் இயன்றது.

1935இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சிறை சென்ற சி. கேசவன் 1937இல் விடுதலையானார். ஆலப்புழையில் அவருக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில் அவைத் துணைத் தலைவர் டி.எம். வர்கீசு முன்னின்றார். அதற்காக அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணரப்பட்டு அவர் அப்பதவியினின்று நீக்கப்பட்டார். கைதியை விடுவிக்க வலியற்ற அவை, கைதியை வரவேற்றவரை நீக்கிற்று. திருவிதாங்கூர் மன்ற வரலாற்றில் இந்நிகழ்ச்சி பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது எம் கருத்து.

1938 பிப்ரவரியில் பட்டம் தாணுபிள்ளை தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசு தோன்றியது. திவான் சி.பி. இராமசாமி ஐயர்மீது குற்றச்சாட்டுகள் அடங்கிய விண்ணப்பம் மே மாத இறுதியில் மன்னருக்கு அனுப்பப்பட்டது. அவைக்கு அனுப்பாமல் மன்னருக்கு அனுப்பியதே அவையின் நிலையைக் காட்டும். ஆகஸ்டு 26இல் சட்டமறுப்புத் தொடங்கியது. தாணுபிள்ளை முதலியோர் கைதாயினர். ஆகஸ்டு 31இல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். கைது செய்யப்பட்ட தலைவருக்காகக் கூடிய மக்கள்மீதே அச்சூடு நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

அக்டோபர் 23, மன்னர் சித்திரைத் திருநாளின் பிறந்தநாள். அன்று அக்காம்மா செறியான் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கிப் பெருந்திரளை நடத்திச் சென்றார். கைதிகள் விடுவிக்கப்பட்டனர். 1649இல் இலண்டனில் பெண்களுக்கு மறுக்கப்பட்டது இங்கே கிட்டியது. ஆனால் கொடுத்தவர் மன்னர், கொடுத்த நாள் பிறந்தநாள். உரிமையாக வேண்டப்பட்டது அருளாக வழங்கப்பட்டது. விண்ணப்பத்தின் கதியோ வேறு. காந்தியடிகளின் அறிவுரைப்படி அது அவ்வாண்டு டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. கைதி வெளியே வந்தான். விண்ணப்பம் உள்ளே போயிற்று.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இதே நாடகம் இடம்மாறிய பாத்திரங்களோடு நடந்தது. 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தோன்றி, பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கம், தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டியது. நெய்யாற்றின்கரையும் அவ்வேண்டுகோளில் அடங்கும். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தின் 117 இடங்களில் அது 12 இடங்களை வென்றது. காங்கிரசுக்கு 45, பொதுவுடைமைக் கட்சிக்கு 23, பிரஜா சோசலிஸ்டுக்கு 19. 19 பேரை மட்டும் கொண்ட கட்சியின் தலைவராகிய பட்டம் தாணுபிள்ளை, காங்கிரசு வெளியிலிருந்து தந்த ஆதரவோடு முதலமைச்சரானார்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில், தேவிகுளம் பகுதியில் தடையை மீறியதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. நேசமணி கைது செய்யப்பட்டார். ஆகஸ்டு 11 விடுதலை நாளாக அறிவிக்கப்பட்டது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர். இறந்தோர் எண்ணிக்கையில் கணக்குகள் வேறுபடுகின்றன. தொடர்ந்து பலர் கைதாயினர். 1938இல் கைதியாகவும் விண்ணப்பதாரராகவும் நின்றவர், 1954இல் கைது செய்யும் அரசின் தலைவராக நின்றார். இதனைத் தனிமனிதர் ஒருவரின் முரணாக மட்டும் காண்பது போதாது. அப்போது உத்தரப் பிரதேசச் சிறையிலிருந்த ராம் மனோகர் லோகியா, அக்கட்சியின் பொதுச் செயலாளர் என்ற முறையில், அமைச்சரவை பதவி விலக வேண்டுமெனத் தந்தி அனுப்பினார். கைதி ஒருவர் தம் கட்சி முதலமைச்சருக்கு விடுத்த விண்ணப்பம் அது எனலாம். முதலமைச்சர் ஏற்கவில்லை, கட்சியின் பெரும்பான்மையும் ஏற்கவில்லை, லோகியா பொறுப்பைத் துறந்தார்.

1955 பிப்ரவரியில் அவ்வமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்ந்தது. பனம்பிள்ளி கோவிந்தமேனன் தலைமையில் அமைந்த காங்கிரசு அரசுக்குத் தமிழ்நாடு காங்கிரசின் 12 வாக்குகளும் வேண்டியிருந்தன. போராட்டத்தினர்மீதான வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. 1938இல் பிறந்தநாள் அருளாகக் கிடைத்தது, 1955இல் வாக்குக் கணக்கால் கிடைத்தது. இதனைப் பேரம் என்று இகழ்வோர் உளர். பேரம்தான்; ஆயினும் குடிகளின் பேராளர்கள் அவையில் அமர்ந்து பேசி முடித்த பேரம் அது. அரண்மனை வாயிலில் காத்து நின்று பெறுவதினும் இது மேம்பட்டதே.

ஆனால் கைதிக்குக் கிடைத்தது விண்ணப்பத்துக்குக் கிடைக்கவில்லை. இவ்விடத்தில்தான் நெய்யாற்றின்கரை ஊர்கள் தனித்து நிற்கின்றன. 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்கு நாடெங்கிலுமிருந்து 1,52,250 மடல்களும் மனுக்களும் வந்தன. ஆழ்ந்து எழுதப்பட்டவை அவற்றுள் ஏறக்குறைய 2,000 மட்டுமே என்று ஆணையம் மதிப்பிட்டது. 1955 அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்களைச் சென்னைக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரையும் தேவிகுளம், பீர்மேடும் அதில் இடம்பெறவில்லை. தென்வட்டங்களை விட்டுக்கொடுப்பதை எதிர்த்த காங்கிரசு உறுப்பினர் அறுவர் பிரிந்தமையால் பனம்பிள்ளி அரசு 1956 மார்ச்சில் கவிழ்ந்தது; குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956 ஆகஸ்டு 31இல், நெய்யாற்றின்கரைச் சூட்டுக்குச் சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, நிறைவேறியபோது, எல்லை மாறவிருந்த அம்மாநிலத்தில் சட்டமன்றமே இல்லை. வாக்குக் கணக்கால் கைதிகளை மீட்ட 12 இடங்களும் அவையோடு மறைந்தன. விடுபட்ட ஊர்களின் குரலைக் கேட்கத் திருவனந்தபுரத்தில் அவையில்லை; தில்லியில் அவை இருந்தது, ஆனால் அங்கு அவ்வூர்களின் கணக்கு சிறிது.

அதன்பின் ஆரியங்கோடு, பாறசாலைப் பகுதித் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். குறை தீர்க்க வேண்டி எவரும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு முன்னரே கூறியிருந்தது. 1956இன் ஏழாம் திருத்தம் அதனோடு தாய்மொழித் தொடக்கக் கல்வி பற்றிய 350அ பிரிவையும், சிறுபான்மை மொழியினருக்கான தனி அலுவலரைப் பற்றிய 350ஆ பிரிவையும் சேர்த்தது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டபோது, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே விடை பெறவும் வழிவகுக்கப்பட்டது. எல்லையை மாற்றக் கோரிய விண்ணப்பம் தள்ளப்பட்ட ஊர்களுக்கு, விண்ணப்பத்தைத் தமிழில் எழுதும் உரிமை எஞ்சியது.