பல் மருத்துவப் பணியில் தசை, மூட்டு வலித் தடுப்பு

பல் மருத்துவர்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு ஆகிய இடங்களில் உண்டாகும் வலி, தொழில்சார் நோய் வகையைச் சேர்ந்தது. 2009இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, வெவ்வேறு ஆய்வுகளில் 64 முதல் 93 விழுக்காட்டினர் வரை இவ்வலிக்கு ஆளாகியிருந்தனர். பலர் இதைத் தொழிலோடு வரும் தலைவிதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். அது தவறு, பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

பாரம் தூக்காத வேலையில் வலி ஏன்? அசையாமல் இருப்பதே காரணம். நெடுநேரம் இறுகிய தசையில் இரத்த ஓட்டம் குறைகிறது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை முன்னே சாயச் சாய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளுக்குச் சுமை கூடுகிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நோயாளிக்கான சாய்வு நாற்காலி வந்த பின், நின்று செய்த வேலை உட்கார்ந்து செய்வதாக மாறியது. ஆனாலும் வலி தீரவில்லை.

மேல்தாடைக் கடைவாய்ப்பல்லை அடைக்கும் வேலையைப் பாருங்கள். நோயாளி பாதி சாய்ந்திருந்தால், மருத்துவர் கழுத்தை வளைத்து, தோளை உயர்த்தி, இடுப்பைத் திருகித்தான் உள்ளே பார்க்க முடியும். நோயாளியை முழுக்கப் படுக்கவைத்து, மோவாயை மேல்நோக்கி நிமிர்த்தி, தலைமாட்டுக்கு நகர்ந்து வாய்க்கண்ணாடியில் பார்த்தால் முதுகு நேராக நிற்கும். கீழ்த்தாடை வேலைக்கு நாற்காலியின் முதுகுப்பகுதியைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். நோயாளியின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்தில் இருப்பது நல்லது. இடம் மாற வேண்டியது நோயாளியின் தலை. மருத்துவரின் கழுத்து அன்று. சங்கோசப்பட்டு, "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று கேட்காத மருத்துவர்தான் முதலில் வலிக்கு ஆளாகிறார்.

கையைப் பொறுத்தவரை கருவியின் பிடியே முக்கியம். பல் சுத்தம் செய்யும் கருவிகளை ஒப்பிட்ட கலிபோர்னிய ஆய்வொன்றில், 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் கொண்ட கைப்பிடிக்கே மிகக் குறைந்த விரல் அழுத்தம் தேவைப்பட்டது. காறை சுரண்டும் கருவியான ஸ்கேலரின் முனை மழுங்கினால் அழுத்தம் கூடும். இறுக்கமான கையுறையும் விரலுக்குச் சுமை.

உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்ஸ் உதவும், ஆனால் பார்வைக் கோணமும் தூரமும் அணிபவருக்கேற்ப அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். பொருந்தாத லூப்ஸ் கழுத்தை மேலும் குனியவைக்கும்.

எத்தனை நல்ல இருக்கை என்றாலும், அதில் அசையாமல் இருந்தால் பயனில்லை. நோயாளிகளுக்கிடையே எழுந்து தோள்களைப் பின்னுக்கு இழுத்து விட ஒரு நிமிடம் போதும். இரவிலும் விரல் மரத்துப்போனால் அல்லது பிடிப்பு தளர்ந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்பழக்கங்களைக் கல்லூரியில் பார்க்கும் முதல் நோயாளியிலிருந்தே மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.