மிதவாதியின் ஓட்டு

நடுவர் அவர்களே! கோவில்பட்டியில நின்னு மிதவாதிக்கு வக்காலத்து வாங்குறது லேசு இல்லை. பக்கத்துல ஓட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த ஊர். இன்னும் பக்கத்துல எட்டயபுரம், பாரதி பிறந்த ஊர். நான் உயிரோட வீடு போய்ச் சேரணும்! (சிரிப்பு) எதிரணித் தங்கை கேட்டாங்க: "மிதவாதிங்க மனுப் போட்டதைத் தவிர என்ன செஞ்சாங்க?"

சொல்றேன். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியர் வேலையை உதறிவிட்டுக் கோகலேயின் பின்னால் போனவர். 1919 பிப்ரவரியில், விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை வைஸ்ராயின் சட்டசபையிலேயே எதிர்த்து முழங்கினார். நேரில் கேட்ட காந்தியடிகள், வைஸ்ராயே மெய்ம்மறந்து கேட்டது போலிருந்தது என்று எழுதியிருக்கிறார். கேட்டு என்ன? அதிகாரிகளின் ஓட்டுப் பலத்தில் மார்ச்சில் சட்டம் நிறைவேறிடுச்சு. ஜின்னாவும் மாளவியாவும் ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரியார் செய்யவில்லை, சத்தியாக்கிரகத்தையும் ஏற்கவில்லை. ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக்கில் ரத்தம் ஓடியது. அப்பவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமா என்றால், எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனா கதை அங்கே முடியலை. 1921-ல் இன்னொரு மிதவாதி, தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் ஒரு குழு, அடக்குமுறைச் சட்டங்களை நீக்கப் பரிந்துரைத்தது. 1922-ல் ரௌலட் சட்டம் ரத்து! வீதிக் குரல் அரசை அசைத்தது. அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்ற, உள்ளே ஆள் வேண்டியிருந்தது.

கரிசல் சம்சாரிக்குத் தெரியும். மழை சத்தத்தோட வரும், போயிடும். அப்புறம் பருத்தியைக் காப்பாத்துறது, சத்தமில்லாம மண்ணு பிடிச்சு வச்ச ஈரம்! (கைதட்டல்)